விரற்சுவட்டுக்கு இலக்கணம் வகுத்தவர்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் பகுதியில், எழுத்தறியாதவரைக் 'கைநாட்டு' என்று எள்ளும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. கப்பலிலிருந்து மூடை சுமந்தோரும், வள்ளம் வலித்தோரும், கரைவலை இழுத்தோரும் சம்பளப் பட்டியலிலும் காணி உறுதியிலும் பெருவிரலை மையில் ஒற்றிப் பதித்த காலம் ஒன்று இருந்தது. அத்தகைய பழைய உறுதிகளைப் படித்துச் சொல்லுமாறு என்னிடம் கொண்டுவருவோர் உளர். தமிழ்ப் பண்டிதனுக்கு ஊரார் விதித்த கடமைகளுள் அதுவும் ஒன்று. மை வெளிறிக் கறையான் அரித்த அத்தாள்களில், நொத்தாரிசின் அழகிய கையெழுத்து வாசிக்கவியலாது மங்கிப் போன இடத்தும், மூலையிலே பெருவிரற்சுவடு ஒன்று வரிவரியாகத் தெளிந்து நிற்பதைப் பலமுறை கண்டு வியந்திருக்கிறேன். கற்றவன் எழுத்து அழிய, கல்லாதவன் சுவடு நிலைத்திருக்கும் இப்புதுமைதான் அச்சுவடுகளின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டியது. படித்த இடமெல்லாம் ஆங்கிலேயர் பெயர்களே முன்னின்றன. அவற்றின் பின்னே ஒதுங்கி நின்றார் வங்காளத்து இளைஞர் ஒருவர். காஸி அஸீஸுல் ஹக் என்பது அவர் பெயர். விரற்சுவட்டுக் கலை பயில்வோரிடையே இன்று நன்கறியப்பட்ட அப்பெயர், நம்மவரிடையே இன்னும் போதிய அளவு வழங்காதிருப்பதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அவர் கதைக்குள் நுழையுமுன் சிறிது முன்வரலாறு வேண்டும். வங்காளத்திலே ஆட்சி உத்தியோகத்தராக இருந்த வில்லியம் ஹெர்ஷல் என்பார் 1858ஆம் ஆண்டு, வீதிக்குக் கல் வழங்கும் ஒப்பந்தகாரர் ஒருவரின் உள்ளங்கைச் சுவட்டை ஒப்பந்தத்தாளில் பதிப்பித்தார். பின்னாளில் அந்த மனிதன் தன் சொல்லை மறுத்துரையாதிருக்க அச்சம் ஊட்டுவதே அன்று அவர் கருத்து. ஆயினும் அப்பழக்கத்தை அவர் விடவில்லை. ஒருவரின் விரற்சுவட்டைப் பல ஆண்டு இடையிட்டு மீண்டும் எடுத்து ஒப்புநோக்கி, உடல் மூப்படைந்தாலும் விரல்வரி மாறுவதில்லை என்று கண்டார். ஜப்பானில் மருத்துவராயிருந்த ஹென்றி போல்ட்ஸ், தொல்காலத்து மட்பாண்ட ஓடுகளிலே குயவரின் விரல்வரிகள் அழியாதிருப்பதைக் கண்டு ஆராயத் தொடங்கி, குற்றவாளி விட்டுச்செல்லும் சுவட்டைக்கொண்டு அவனைப் பிடிக்கலாம் என்று 1880இல் எழுதினார். பிரான்சிஸ் கால்ற்றன் 1892இல் இதைப்பற்றித் தனி நூலே வெளியிட்டார். விரல்வரிகளை வில், கண்ணி, சுழி என மூவகையாக்கும் முறையும் அவரால் நிலைபெற்றது. நம் பாட்டிமார் சங்கு, சக்கரம் என்று குழந்தைகளின் விரல்நுனி பார்த்துச் சொல்வார்களே, ஏறத்தாழ அதுதான்.

ஆனால் ஒரு பெரும் முட்டுப்பாடு எஞ்சியிருந்தது. பல்லாயிரம் பேரின் விரற்சுவடுகளை வாங்கி வைத்துவிடலாம். வேண்டியபோது வேண்டிய தாளை எப்படித் தேடி எடுப்பது? பெயரை வைத்துத் தேடலாமென்றால், குற்றவாளி தன் மெய்ப்பெயரைச் சொல்வானா? அகரவரிசையில்லாத அகராதி எவ்வளவு பயன்படுமோ, அவ்வளவே அச்சுவடுகளும் பயன்பட்டன. இந்த இடத்திலேதான் அஸீஸுல் ஹக் வருகிறார்.

இன்றைய வங்காளதேசத்தின் குல்னாப் பகுதியில், பைக்ராம் கஸ்பா என்னும் ஊரிலே 1872இல் பிறந்தவர் அவர். தாய் தந்தையர் இருவரும் படகு விபத்தொன்றில் மாண்டனர். தமையன் பொறுப்பிலே வளர்ந்த சிறுவனுக்கு உணவில் விருப்பம் அதிகம். வறிய குடும்பத்தின் பானையிலே தன் பங்குக்கு மேலே கைவைத்தான் என்று தமையன் அடித்தாராம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அன்றே வீட்டைவிட்டு வெளியேறிக் கல்கத்தா போய்ச் சேர்ந்தது என்று அவர் வாழ்வை எழுதியோர் கூறுவர். பசித்த சிறுவன் ஒருவனை அவன் சினமே கல்விக்கு இட்டுச் சென்ற கதை இது. கல்கத்தாவிலே ஒரு குடும்பத்தார் அவனை ஏற்றுப் படிக்கவைத்தனர். அவர்கள் கைவிட்டிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. மாநிலக் கல்லூரியாகிய பிரெசிடென்சிக் கல்லூரியில் அவர் கணிதமும் விஞ்ஞானமும் பயின்றார்.

அக்காலத்தில் வங்காளப் பொலிஸ் துறைக்குத் தலைவராயிருந்தவர் எட்வர்ட் ஹென்றி. குற்றவாளிகளின் தலைநீளம், முழநீளம், பாதநீளம் முதலியவற்றை அளந்து பதியும் பிரெஞ்சுமுறை அப்போது அங்கே கையாளப்பட்டது. அதற்குக் கணக்கறிந்த இளைஞர் ஒருவர் வேண்டுமென்று ஹென்றி 1892இல் கேட்க, கல்லூரி முதல்வர் அஸீஸுல் ஹக்கைப் பரிந்துரைத்தார். உப பரிசோதகராக வேலையில் அமர்ந்த இளைஞருக்கு அவ்வளவைமுறை விரைவிலே சலித்தது. அளப்பவன் கை சிறிது இறுகினால் ஓர் அளவு, தளர்ந்தால் வேறோர் அளவு. ஒரே மனிதன் இருவராகிவிடுவான். மாறாத விரல்வரியையே பற்றுக்கோடாகக் கொண்டு ஓர் ஒழுங்கு காணவேண்டுமென்று அவர் முனைந்தார். கால்ற்றனின் பகுப்பு அவர்முன் இருந்ததாயினும், தாள்கள் ஆயிரக்கணக்கில் பெருகியபோது அது தாங்கவில்லை.

அவர் கண்ட வழியை யாப்பிலக்கணம் கற்றவர் எவரும் நொடியில் விளங்கிக்கொள்வர் என்பது என் துணிபு. நேர், நிரை என்னும் இரண்டே அசைகளைக்கொண்டு நாம் ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16 என்று விரிக்கிறோம் அல்லவா? ஓரிடம் கூடுந்தோறும் தொகை இரட்டிக்கிறது. அஸீஸுல் ஹக்கும் விரல் ஒவ்வொன்றையும் இரண்டே நிலையில் வைத்தார்: சுழி உண்டு, சுழி இல்லை. வில்லும் கண்ணியும் சுழியில்லாதன என ஒருசேர ஒதுக்கப்பட்டன. விரல்கள் பத்து. ஆகவே பத்தசையாலாய சீர் என்று கொண்டால், வரக்கூடிய வாய்பாடுகள் 1024. முப்பத்திரண்டு நிரையும் முப்பத்திரண்டு நிரலுமாக 1024 மாடங்கள் கொண்ட ஒரு பேழையைச் செய்து, ஒவ்வொரு மாடத்துக்கும் ஓர் எண்ணை வகுத்தார்.

அவ்வெண்ணைக் காணும் முறையும் எளிதே. வலப்பெருவிரலை 1 எனத் தொடங்கி வலச்சிறுவிரல் 5 ஆகவும், இடப்பெருவிரல் 6 ஆகவும், இடச்சிறுவிரல் 10 ஆகவும் எண்ணி, இவ்விரண்டு விரலாக ஐந்து இணை ஆக்குக. முதலிணையில் வரும் சுழிக்கு 16, இரண்டாவதில் வருவதற்கு 8, பின் முறையே 4, 2, 1 என மதிப்பு. இரட்டை எண் விரல்களின் கூட்டுத்தொகை மேலே. ஒற்றை எண் விரல்களின் தொகை கீழே. வெறும் சுன்னம் வாராதிருக்க இரண்டிலும் ஒன்று கூட்டுக. ஒருவனுக்கு வலச்சுட்டுவிரலிலும் இடச்சிறுவிரலிலும் மட்டுமே சுழி இருக்குமாயின், மேலே 16உம் 1உம் கூடி 17, ஒன்று சேர 18. கீழே சுழியின்மையால் 1. அவன் தாள் 18இன் கீழ் 1 என்னும் மாடத்தில் இருக்கும். அவன் தன்னை இராமன் என்று சொன்னாலென்ன, இரகீம் என்று சொன்னாலென்ன? விரல் வேறு எண் சொல்லாது. நான் இதனை மாணவர்க்கு யாப்புப் பாடத்தின் இடையிலே சொல்வதுண்டு. வாய்பாடு மனனம் செய்யச் சோம்பும் பிள்ளைகளும் தத்தம் விரல்நுனியைப் பார்த்துக் கணக்கிடத் தொடங்கிவிடுவார்கள்.

இம்முறை பெயர்பெறுவதற்கு ஹேமச்சந்திர போஸ் என்னும் மற்றொரு வங்காளியும் உழைத்தார். அஸீஸுல் ஹக்கைவிட ஐந்து வயது மூத்தவர். சில மாடங்களில் தாள்கள் மிகுந்தபோது அவற்றை உட்பிரிவு செய்யும் நெறியிலும், விரற்சுவட்டின் இயல்பைச் சொற்களாக்கித் தந்தியில் அனுப்பும் குறியீட்டு முறையிலும் அவர் பங்கு பெரிது. 1897ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இந்திய நில அளவைத் தலைவர் ஸ்ட்ராஹனும், இரசாயன அறிஞராகிய பெட்லரும் அமைந்த குழுவொன்று இருமுறைகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, அளவைமுறையினும் விரற்சுவட்டு முறையே உயர்ந்தது என்று தீர்ப்பளித்தது. அப்போதே அப்பேழையில் ஏறத்தாழ 7000 பேரின் சுவடுகள் சேர்ந்திருந்தன. அவ்வாண்டு ஜூன் 12ஆம் திகதி அரசு அதனை ஏற்று ஆணையிட்டது. அவ்வாறு கல்கத்தாவில் அமைந்ததே உலகத்து முதல் விரற்சுவட்டுக் காரியாலயம்.

காரியாலயம் திறந்து நெடுநாள் செல்லுமுன் அதற்கொரு சோதனை வந்தது. பூட்டான் எல்லையை அடுத்த ஜல்பாய்குரிப் பகுதியில், கதல்குரி என்னும் தேயிலைத் தோட்டத்தின் முகாமையாளர் ஹிருதயநாத் கோஷ் கழுத்தறுபட்டுத் தம் படுக்கையிலே கிடந்தார். பெட்டகம் உடைக்கப்பட்டுச் சில நூறு ரூபாய் களவு போயிருந்தது. ஐயத்துக்குரியோர் பலர். முகாமையாளரின் கடுமைக்கு ஆளான கூலிகள் உண்டு. உடையில் இரத்தக்கறையோடு காணப்பட்டு, அது புறாவின் இரத்தமென்று சொன்ன சமையற்காரன் உண்டு. அயலிலே கூடாரமிட்டிருந்த காபூலியர் உண்டு. இன்னும், முன்பு அவரிடம் வேலைபார்த்து, அவர் செய்த முறைப்பாட்டால் திருட்டுக்குற்றத்துக்காகச் சிறைசென்று மீண்ட ஒருவனும் உண்டு. களவுபோன பெட்டியிலே வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று கிடந்தது. அதன் வெளிறிய நீலநிற அட்டையில் கபில நிறத்துத் தீற்றல்கள் இரண்டு. எவரும் புறக்கணித்துவிடக்கூடிய கறைகள். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் அவற்றுள் ஒன்றில், வலக்கை விரலொன்றின் வரிகள் ஒரு பகுதியளவில் தெரிந்தன.

அந்த அட்டை கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. முன்பு சிறைசென்றவன் காங்காலி சரண் என்பவன். அவன் தாள் மாடத்தில் இருந்தது. அட்டையிலிருந்த அரைகுறைச் சுவடும் அவன் வலப்பெருவிரலும் ஒத்தன. பல நூறு மைல் தொலைவில், பீர்பூமிலே அவன் பிடிபட்டான். மீண்டும் சுவடெடுத்து ஒப்பிட்டனர். கறை பாலூட்டி உயிரொன்றின் இரத்தமே என்று அரச இரசாயனப் பரிசோதகர் சான்றளித்தார். 1898 மே மாதத்தில் தீர்ப்பு வந்தபோது, களவுக்குற்றம் உறுதியாயிற்று. கொலைக்குற்றத்திலிருந்து அவன் விடுபட்டான். அவன் கை அவ்விடத்தில் இருந்ததென்று சுவடு சொல்லியது. அக்கை கத்தி பிடித்ததென்று அது சொல்லவில்லை. கண்கண்ட சாட்சியில்லாத நிலையில் உயிர்போக்கும் தண்டனைக்கு நீதிமன்றம் இணங்கவில்லை. விரற்சுவட்டைக்கொண்டு தீர்க்கப்பட்ட தொடக்க வழக்குகளுள் ஒன்றிலேயே அச்சான்றின் வலிமையும் எல்லையும் ஒருங்கே வரையறுக்கப்பட்டமை என்னைக் கவர்ந்த செய்தி.

மங்கிய சுவட்டை வாசிப்பது எங்கள் தொழிலுக்கு அயலானதன்று. ஏட்டிலே எழுத்தாணியாற் கீறிய எழுத்து நாட்படக் கண்ணுக்குப் புலப்படாது போகும். விளக்குக்கரியையும் இலைச்சாற்றையும் குழைத்துப் பூசித் துடைத்தால், கரி கீறலுக்குள் தங்க, எழுத்து எழுந்து நிற்கும். அதனை மையாடல் என்பர். விரற்சுவடு காண்போர் செய்வதும் இதன் உறவுதான். தொட்ட இடத்திலே வியர்வையின் நீர் உலர்ந்து போக, உப்பும் கொழுப்பும் அமினோ அமிலங்களும் எஞ்சுகின்றன. நுண்ணிய பொடியைத் தூவினால் அது பிசுபிசுப்பான வரியிலே ஒட்டும். பழைய தாளிலே பொடி ஒட்டாது. ஆனால் அமினோ அமிலங்கள் தாளின் நாரோடு பற்றி நெடுங்காலம் கிடக்கும். நின்ஹைட்ரின் என்னும் இரசாயனப் பொருள் பட்டவுடன் அவை ஊதா நிறங்கொண்டு வெளிப்படும் என்பதைச் சுவீடன் நாட்டார் 1954இல் விரற்சுவட்டுக்குப் பயன்படுத்திக் காட்டினர். துறைமுகத்து வாசகர்க்காக இன்னொன்றும் சொல்லலாம்: நீரில் நனைந்த பொருளிலே உப்புக் கரைந்துபோனாலும் கொழுப்புக் கரைவதில்லை; மொலிப்டினம் சேர்ந்த கருந்துகட் கரைசலைத் தெளித்தால் அக்கொழுப்பிலே துகள் படிந்து வரி தோன்றும். 1942இல் ஹிம்லருக்கு எழுதப்பட்ட அஞ்சலட்டையொன்றில், ஏறத்தாழ 40 ஆண்டுகளின் பின், தாளுக்கு எவ்விதக் கேடும் வாராமல் லேசர் ஒளியாலேயே எழுதியவரின் பெருவிரற்சுவட்டை அமெரிக்கர் கண்டெடுத்தனர்.

ஆயினும் தேய்ந்ததை வாசிப்பவன் அஞ்சியே வாசிக்க வேண்டும். எங்கள் பிரடரிக் கோட்டை வாயிற்கல்லிலே பொறித்த தமிழ்ச்சாசனத்தைப் பார்த்தவர் அறிவர். சிதைந்த எழுத்தின் இடைவெளியை அறிஞர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்பினர். சாசனத்தில் நேரும் பிழைக்கு மற்றோர் அறிஞரின் மறுப்புரை போதும். விரற்சுவட்டில் நேரும் பிழை ஒரு மனிதனைச் சிறையில் அடைக்கும். 2004இல் மத்ரித் நகர்த் தொடருந்துகளில் குண்டு வெடித்தபோது, பையொன்றிலிருந்த தெளிவற்ற சுவட்டைத் தவறாக வாசித்த அமெரிக்காவின் எப்.பி.ஐ. நிறுவனம், குற்றமற்ற வழக்கறிஞர் ஒருவரைத் தடுப்பிலிட்டுப் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஜல்பாய்குரி வழக்கை விசாரித்தோர் காட்டிய நிதானத்தை நூறாண்டுக்குப் பின்வந்தோர் மறந்தனர்.

மீண்டும் கல்கத்தாவுக்கு வருவோம். எட்வர்ட் ஹென்றி 1900இல் இம்முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். மறு ஆண்டு இலண்டனுக்கு அழைக்கப்பட்டு, ஸ்கொட்லாந்து யார்ட்டிலே விரற்சுவட்டுப் பிரிவை நிறுவினார். 1903இல் அந்நகரப் பொலிஸின் தலைவரானார், பட்டங்கள் சேர்ந்தன. முறைக்கு 'ஹென்றி முறை' என்றே பெயர் வழங்கலாயிற்று. தொடர்வண்டியிற் செல்லும்போது அவர் மனத்திலே மின்னலெனத் தோன்றிய கருத்தைச் சட்டையின் கைப்பட்டியிலே குறித்துக்கொண்டாராம். அதுவே முறையின் பிறப்பு என்று ஒரு கதையும் பரவிற்று. கைப்பட்டியில் 1024 மாடங்களும் அடங்கினவா என்று கேட்பார் இல்லை.

அஸீஸுல் ஹக் வங்காளத்திலேயே இருந்தார். 1912இல் பீகார் தனி மாகாணமானபோது அப்பகுதிப் பொலிஸ் சேவையிற் சேர்ந்தார். நெடுங்காலம் அவர் வாய் திறக்கவில்லை. இது பெருந்தன்மையா, அடிமை நாட்டு உத்தியோகத்தனின் அச்சமா என்று துணிவது அரிது. இரண்டும் கலந்தே இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். 1913இல் கான் சாகிப் பட்டமும், 1924இல் கான் பகதூர் பட்டமும் கிடைத்தன. ஓய்வுக்காலம் அணுகியபோதுதான், தம் உழைப்பை அரசு ஏற்று மதிக்கவேண்டுமென்று அவர் விண்ணப்பித்தார். விண்ணப்பம் மேசைக்கு மேசை சென்றது. ஈற்றில் 5000 ரூபாய் நன்கொடை வழங்கப்பட்டது. ஹேமச்சந்திர போஸுக்கும் அவ்வாறே வழங்கப்பட்டதோடு ராய் பகதூர் பட்டமும் கிடைத்தது.

இங்கே ஹென்றிக்கும் நீதி செய்யவேண்டும். முதுமையடைந்து ஓய்விலிருந்த அவரிடம் 1926இல் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, வகைப்பாட்டு முறையைச் செம்மை செய்வதில் தம் பணியாளருள் மற்றெவரினும் மிகுதியாக உழைத்தவர் அஸீஸுல் ஹக்கே என்னும் கருத்தில் அவர் கடிதம் எழுதினார். கால் நூற்றாண்டு தாழ்த்து வந்த சான்று; அதுவும் உலகம் படிக்கும் நூலிலே அன்று, அரசாங்கக் கோவைக்குள். ஏட்டைப் பெயர்த்தெழுதியவன், பாடம் ஒப்புநோக்கியவன் ஆகியோரின் பெயர் முகப்பில் வாராத பதிப்புகள் நம்மிடையும் பல உள. அவற்றைக் கையிலெடுக்கும்போதெல்லாம் எனக்கு இக்கடிதம் நினைவுக்கு வரும். முன்னுரையிலே ஒரு வரி சேர்ப்பதற்கு எவ்வளவு மை செலவாகும்?

சம்பாரண் பகுதியிலுள்ள மோதிஹாரியில் அவர் குடியமைந்தார். காந்தியடிகள் 1917இல் அவுரித்தோட்டக் குடியானவருக்காக வழக்காடி நின்றதும், ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1903இல் பிறந்ததும் அவ்வூரிலேதான். அங்கேயே 1935இல் அஸீஸுல் ஹக் காலமாகி அடக்கஞ் செய்யப்பட்டார். ஹேமச்சந்திர போஸ் 1949வரை வாழ்ந்தார்.

இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தில்லியைச் சேர்ந்த சோதி, ஜஸ்ஜீத் கௌர் என்னும் இரசாயன ஆராய்ச்சியாளர் இருவர், பழைய அரசாங்கக் கோவைகளையும் கடிதங்களையும் திரட்டி, இவ்விரு வங்காளியரின் பங்கினைக் கட்டுரைகளாக எழுதி வெளியிட்டனர். கண்ணுக்குத் தெரியாத விரற்சுவட்டை வெளிப்படுத்தும் பொடிகளையும் சாயங்களையும் ஆராய்வதே அவ்விருவரின் தொழில். இங்கிலாந்திலுள்ள விரற்சுவட்டுச் சங்கம் இப்போது அஸீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவர் பெயராலும் ஒரு பரிசை ஏற்படுத்தியிருக்கிறது. வகைப்பாட்டு முறையின் பெயர் மட்டும் பாடநூல்களிலே இன்னும் ஹென்றி முறைதான்.